புதுப்பிப்பு: நீத்துப்பெட்டி விளிம்பில் ஒட்டியிருந்த நீலக் கோடு நீங்கியது

பிட்டு அவிப்பதற்காக மாமி பனையோலையால் இழைத்த கூம்பு வடிவ நீத்துப்பெட்டியை நல்லூர் வீட்டின் நீலச் சுவருக்கு முன் வைத்துப் படமெடுத்து, கிம்ப் மென்பொருளில் பின்னணியை நீக்கியபோது விளிம்பைச் சுற்றி நீலக் கோடு எஞ்சியதாகச் சென்ற கிழமை எழுதியிருந்தேன். அது தீர்ந்துவிட்டது.

தவறு என்னுடையதே. சுவரின் நிறத்தை ஒரே சொடுக்கில் தெரிவுசெய்து அழித்திருந்தேன். பொருளும் பின்னணியும் சந்திக்கும் படப்புள்ளிகளில் (பிக்சல்களில்) இரண்டின் நிறமும் கலந்திருப்பதால், அவை அந்தத் தெரிவுக்குள் அகப்படவில்லை. இம்முறை, அப்பதிவுக்கு மறுமொழியாக நீங்கள் கூறியபடி, பாதைக் கருவியால் கூம்பைச் சுற்றிப் புள்ளிகளிட்டு, அப்பாதையைத் தெரிவாக மாற்றி, ஒரு படப்புள்ளி அளவு உட்புறம் சுருக்கிய பின், எதையும் அழிக்காமல், வேண்டாத பகுதியை மறைக்க மட்டும் செய்யும் அடுக்கு முகமூடி இட்டேன். முகமூடியில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் என்பதால், தவறி வெட்டுப்பட்ட இடங்களை வெள்ளைத் தூரிகையால் மீட்க முடிந்தது.

வாய் விளிம்பில் துருத்திநின்ற இரண்டு ஓலை நுனிகளுக்கே ஒரு மணித்தியாலம் சென்றது. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தீட்டினேன். மாமியோ, "கேட்டிருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கித் தந்திருப்பேனே" என்றார்.

ஜேபெக் கோப்பு ஒளிபுகும் பின்னணியைத் தாங்காது என்பதால் பிஎன்ஜியாகச் சேமித்தேன். இப்படம் இடம்பெறும் விலைப்பட்டியல் வெள்ளைத் தாளில் அச்சாகவுள்ளது. ஆகவே, விளிம்பில் பின்னணி நிறம் எஞ்சினாலும் தெரியாதிருக்க, இனிப் படமெடுக்கவுள்ள கடகங்களை (பனையோலைக் கூடைகளை) வெள்ளை வேட்டியை விரித்துப் படமெடுக்க எண்ணியுள்ளேன்.