விலா எலும்பா, 1.15 மீட்டரா? நடுவரா நின்ன அனுபவம் சொல்லுங்க

வலையோரம்:
பேட்மிண்டன்ல பல வருஷம் சர்வீஸ் ஜட்ஜா உட்கார்ந்திருக்கேன். பழைய விதி என்னன்னா, சர்வீஸ் அடிக்கும்போது ஷட்டில் முழுசும் இடுப்புக்குக் கீழே இருக்கணும். இடுப்புன்னா கடைசி விலா எலும்போட அடிமட்டம். தொளதொள டி-ஷர்ட்டுக்குள்ள விலா எலும்பை எங்கே போய்த் தேட? ஒருநாள் காலையில ஒருத்தருக்கு ஃபால்ட் கொடுத்தேன். சாயங்காலம் அச்சு அசல் அதே மாதிரி அடிச்ச இன்னொருத்தரை விட்டுட்டேன். ரெண்டு கோச்சும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டாங்க, வாயைத் திறக்க முடியலை.

2018-ல தரையிலிருந்து 1.15 மீட்டர்னு எல்லாருக்கும் ஒரே உயரம் வந்தது. கருவியும் ரொம்பச் சாதாரணம்: ரெண்டு தெளிவான தகடு, ரெண்டுலயும் கறுப்புக் கோடு. கோடு ரெண்டும் ஒண்ணாத் தெரியற மாதிரி கண்ணை வெச்சு, ஷட்டில் அதுக்குக் கீழே இருக்கான்னு பார்த்தா முடிஞ்சது. நெட்டையா இருக்கறவங்க குனிஞ்சு அடிக்க வேண்டியிருக்குன்னு புலம்பினாங்க. நியாயமான புலம்பல்தான், ஆனா என்னைத் திட்டலை!

கொடிக்காரன்:
நான் கால்பந்தில் உதவி நடுவர். ஆஃப்சைடைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது ஹேண்ட்பால். தாக்கும் அணி வீரரின் கையில் தற்செயலாகப் பட்டு கோலானாலும் செல்லாது என்று 2019-ல் கடுமையாக்கினார்கள். கையில் பட்டவரே அடிக்காமல் சக வீரர் அடித்தால் செல்லும் என்று 2021-ல் தளர்த்தினார்கள். கை இயல்பான நிலையில் இருந்ததா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நான் உறுதியாகச் சொன்ன ஒரு ஹேண்ட்பாலை வீட்டில் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருமுறை ஆமாம் என்று தோன்றியது, அடுத்த முறை இல்லை. எத்தனை கேமரா வைத்தாலும் இதே கதைதான்.

கோல் கோட்டில் இந்தத் தொல்லை இல்லை. பந்து முழுசாகத் தாண்டியதா, அவ்வளவுதான் கேள்வி. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்தது நன்றாக உள்ளே விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. 2014 உலகக் கோப்பையில் கோலா இல்லையா என்று நடுவரின் கைக்கடிகாரமே சொல்லத் தொடங்கிவிட்டது.

பெயில்ஸ்:
கிரிக்கெட்ல எல்பிடபிள்யூ பக்கம் வாங்க, ஸ்டம்ப்புக்குப் போற பந்தைக் காலால மறைச்சா அவுட்ங்கற விஷயம். ரிவ்யூல பந்து ஸ்டம்ப்போட ஓரத்தை லேசா உரசுதுன்னு வருது. நான் விரலைத் தூக்கியிருந்தா அவுட், தூக்கலைன்னா அதே பந்து நாட் அவுட். இதுக்குப் பேர் 'அம்பயர்ஸ் கால்', களத்து அம்பயர் சொன்னதே நிக்கும்! நோ-பால் விஷயத்துல மட்டும் பெரிய மேட்ச்ல இருக்கறவங்களைப் பார்த்தா பொறாமை. 2020 மகளிர் டி20 உலகக் கோப்பையில பவுலரோட முன்னங்கால் கோட்டைத் தாண்டுதான்னு டிவி அம்பயரே பார்த்துக்கிட்டார். காலைப் பார்த்த கண்ணை அந்த நொடியே பேட்ஸ்மேன் பக்கம் திருப்பறது எவ்வளவு கஷ்டம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

கொடிக்காரன்:
@பெயில்ஸ் பேடில் பட்ட பிறகு பந்து போகும் பாதை கணிப்புதானே. கணிப்பில் பிழை இருக்கும்போது களத்து முடிவை விட்டுவைப்பதுதான் நேர்மை.

பெயில்ஸ்:
நேர்மைதான். அதைக் கேப்டன்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க.

வலையோரம்:
சமீபத்துல கருவி இல்லாத ஒரு சின்ன டோர்னமென்ட். ஒரு கம்பத்துல 1.15 அளந்து டேப் ஒட்டிட்டு உட்கார்ந்தேன். முதல் ஃபால்ட் கொடுத்ததும் பையனோட அப்பா எழுந்து வந்தார். சண்டைன்னு நினைச்சேன், கையில அளவு டேப் வெச்சிருந்தார். அளந்தா 1.14. டேப்பை ஒரு சென்டிமீட்டர் ஏத்தி ஒட்டிட்டு, அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆட வெச்சோம். மறுபடியும் ஃபால்ட். இந்தத் தடவை அப்பா எழுந்திருக்கலை.