பெற்ற பிள்ளையிடம் வாடகை வாங்கி, அதைக் கொப்பியிலும் எழுதுவதா?

விசுவமடுவான்:
ஞாயிற்றுக்கிழமை ஒரு அந்தியேட்டி வீட்டுப் பந்தியில் இருந்தேன். லண்டனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: "உழைக்கிற பிள்ளை தாய் தகப்பனோடு இருந்தால் மாதம் மாதம் வாடகை கட்ட வேண்டும். அங்கே அப்படித்தான். அப்போதுதான் பொறுப்பு வரும்." பக்கத்தில் இருந்த கிளிநொச்சி அம்மா ஒருவர், தான் மகனிடம் மாதம் 15,000 ரூபா வாங்குவதாகவும், அதைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வைப்பதாகவும் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடன் கொப்பி கடைக்காரன் வைத்திருப்பான். பெற்றவள் வைக்கலாமா?

புதுக்குடியிருப்பு அக்கா:
எழுதினால் என்ன குறைந்துவிடும் தம்பி? நானும்தான் எழுதுகிறேன். மகன் மாதம் 20,000 தருகிறான். 2022இல் அரிசியும் காஸும் விலை ஏறின நேரம், எது எதற்கு எவ்வளவு போனது என்று எழுதாமல் எப்படிச் சமாளிப்பது?

விசுவமடுவான்:
நீங்கள் செலவை எழுதுகிறீர்கள். அந்த அம்மா பிள்ளை தந்ததை எழுதுகிறார். இரண்டும் ஒன்றா?

புதுக்குடியிருப்பு அக்கா:
என்னிடம் இருப்பது ஒரே கொப்பி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

விசுவமடுவான்:
பிள்ளை உங்களுக்கு வரவா அக்கா? அதைத்தான் கேட்கிறேன்.

கனகராயன்:
சண்டை பிடிக்க முதல் கொஞ்சம் படியுங்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த, தேசவழமை என்கிற தமிழரின் பழைய வழமைச் சட்டத்தில் இது இருக்கிறது. கல்யாணம் முடிக்காத மகன் உழைத்தது எல்லாம் குடும்பத்தின் பொதுச் சொத்தில் சேரும். அவன் உடம்பில் போட்ட நகைநட்டு மட்டும் விலக்கு. வாடகை என்ன வாடகை, முழு உழைப்புமே பெற்றோருக்குத்தான்.

விசுவமடுவான்:
ஐயா, அது யாழ்ப்பாணத்தாரின் வழமை. அதை ஏன் வன்னிக்குக் கொண்டு வருகிறீர்கள்? மேலும் அதில் கொப்பி எழுதச் சொல்லியிருக்கிறதா?

கனகராயன்:
வட மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குப் பொருந்துகிற சட்டம் அது. வன்னி எந்த மாகாணத்தில் இருக்கிறது என்பதாவது தெரியுமா?

டொரொன்டோ முல்லை:
இங்கே என் மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போன மாதமே வாடகை தரத் தொடங்கினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே தந்தாள். ஊரில்தான் 30 வயதிலும் அம்மா தேநீர் ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

விசுவமடுவான்:
அம்மா ஊற்றுகிற தேநீரைக் குறைத்துப் பேசாதீர்கள். அங்கே வீட்டுக்கடன் கட்டுவதற்கு வாங்குகிறீர்கள். இங்கே என்ன கடன் இருக்கிறது?

2010இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்களுக்குத் தறப்பாள் கொட்டில்தான். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. அது கூரை போடும் வரைக்கும் காணாது என்று திட்டத்தில் வீடு கட்டின எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குக் காலில் ஷெல் துண்டு. மண் ஏற்றினது நான், கல் அரிந்தது நான். மேசனுக்குக் கூலி கொடுக்கக் காசில்லாமல் நானே கையாளாக நின்றேன். உயர்தரச் சோதனை எழுதவில்லை. அந்தச் சுவருக்குள் படுக்க நான் வாடகை கட்டி, அதை ஒருவர் கொப்பியில் எழுதுவதா? நான் அரிந்த கல்லை யார் எந்தக் கொப்பியில் எழுதினார்கள்?

புதுக்குடியிருப்பு அக்கா:
உம்முடைய கஷ்டம் எனக்கு விளங்குகிறது. அது எல்லா வீட்டிலும் நடந்தது. ஆனால் அரசாங்கம் தந்த காணி பெர்மிட் யாருடைய பெயரில்?

விசுவமடுவான்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புதுக்குடியிருப்பு அக்கா:
சம்பந்தம் இருக்கிறது. பெர்மிட்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்று, பின்னுரித்துக்கு ஒரு பெயர் போடுவார்கள். நாளைக்குத் தங்கச்சியின் பெயரைப் போட்டால் என்ன செய்வீர்? எழுதி வைத்த கொப்பி இருந்தால் நீர் கொடுத்ததற்கு ஒரு சாட்சியாவது இருக்கும்.

விசுவமடுவான்:
தங்கச்சியை இதற்குள் இழுக்க வேண்டாம். அந்தக் கதை எங்கள் வீட்டோடு முடிந்தது.

டொரொன்டோ முல்லை:
முடிந்ததாம். அதுதான் இரவு 12 மணிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறீர்.

விசுவமடுவான்:
நீங்கள் 1996இல் விமானம் ஏறினவர். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி என்னோடு கதைக்க வேண்டாம்.

டொரொன்டோ முல்லை:
நாங்கள் அனுப்பின காசில் நின்ற வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாரும்.

விசுவமடுவான்:
பார்த்தீர்களா! அவரும் கொப்பி வைத்திருக்கிறார்.

ஸ்கந்தபுரம் பெட்டை:
ஒரு சின்ன விசயம். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நாலு வருசமாகச் சம்பளத்தை அப்படியே அம்மாவின் கையில் கொடுக்கிறேன். பஸ் காசுக்கும் கேட்டுத்தான் வாங்குவேன். யாரும் ஒரு வரி எழுதவில்லை. போன கிழமை அண்ணா கேட்டார், "நீ வீட்டுக்கு என்ன செய்தாய்?" என்று. எழுதியிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கனகராயன்:
வழமையில் நான் சொன்னது மகனின் உழைப்பைப் பற்றித்தான். மகளுக்குச் சீதனம் என்று வேறு கணக்கு.

புதுக்குடியிருப்பு அக்கா:
ஐயா, அந்தப் பிள்ளை சொன்னதற்கு இதுவா பதில்?

விசுவமடுவான்:
தங்கச்சி, உங்கள் அண்ணா கேட்டது பிழை. அதற்காகக் கொப்பி சரி என்று ஆகாது. தாய் அறிவாள். அறியாத தாய்க்குக் கொப்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

புதுக்குடியிருப்பு அக்கா:
அதே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறீர். பெர்மிட் யாருடைய பெயரில் என்று இன்னும் சொல்லவில்லை.

விசுவமடுவான்:
சொல்ல மாட்டேன். நீங்கள் முதலில் உங்கள் மகனிடம் கேளுங்கள், அந்தக் கொப்பியைப் பார்க்கும்போது அவனுக்கு எப்படி இருக்கிறது என்று.

புதுக்குடியிருப்பு அக்கா:
கொப்பி வாங்கித் தந்ததே அவன்தான்.

விசுவமடுவான்:
உங்களுக்காக வாங்கியிருப்பான்.

கனகராயன்:
தேசவழமை வன்னிக்குப் பொருந்தாது என்று சொன்னவர், வன்னி எந்த மாகாணம் என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் காத்திருக்கிறேன்.