மாணவர் உரிமைக் கையேடு: மூலச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு வரி போடலாமா?

செம்பருத்தி:
பெற்றோருக்கான உரிமைக் கையேடு அச்சுக்குப் போகப்போகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வரியைச் சேர்க்கலாமா? "கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: டி.சி. இல்லை என்று சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது."

கல்வெட்டு:
இப்படியே போடாதீங்க. பிரிவு எண் சரி, "எந்தப் பள்ளியும்" என்பது தப்பு. மாறுதல் கேட்கும் உரிமையைக் கொடுக்கும் அதே வாக்கியத்தில், பிரிவு 2-இல் சொன்ன மூன்றாவது, நான்காவது வகைப் பள்ளிகள் நீங்கலாக என்று இருக்கிறது. மூன்றாவது வகை, கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்றவை. நான்காவது, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள். டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது என்ற வரம்புரை (பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நிபந்தனை வரி) 5(3)-இல் வருகிறது. அதுவும் "அத்தகைய பிற பள்ளி" என்றே பேசுகிறது, அதாவது அந்த இரண்டு வகை நீங்கலான பள்ளி. ஃபார்வர்டு எழுதியவர் வரம்புரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். இதை நம்பி உதவி பெறாத தனியார் பள்ளி வாசலில் போய் நிற்பவருக்கு அந்த வரி கை கொடுக்காது.

வழித்துணை:
கல்வெட்டு சொன்ன வாசிப்பு சரி. ஆனால் எல்லாரும் மூலத்தைப் படித்தே தீரணும் என்று கிளம்பினால் கையேடே வெளிவராது. ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க அலையும் அம்மாவுக்குத் துறை வெளியிட்ட கேள்வி–பதில் போதும். மூலமும் ஏமாற்றும்: 2009 அரசிதழ் பிரதியைத் திறந்தால் பிரிவு 16 எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்று சொல்லும். அந்த வரி இன்று சட்டத்தில் இல்லை.

கல்வெட்டு:
அது பழைய பிரதியைத் திறந்தவர் செய்த பிழை. சட்டங்களுக்கான அரசின் இந்தியா கோட் தளத்தில் திருத்தம் சேர்த்த வடிவம் இருக்கிறது. பிரிவுக்குக் கீழே உள்ள அடிக்குறிப்பைப் பாருங்க: எந்தத் திருத்தச் சட்டம், எந்த நாள் முதல் என்று இருக்கும். 2019-இன் 1-ஆம் எண் திருத்தச் சட்டம், பிரிவு 16-ஐ மாற்றியது. 5, 8 வகுப்புகளில் தேர்வு, தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தவறினால் நிறுத்தி வைப்பது அந்தந்த அரசின் முடிவு. ஆனால் தொடக்கக் கல்வி (இந்தச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை) முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது அப்படியே நிற்கிறது. "பிரிவு 16 போச்சு" என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். சட்டம் நிறைவேறிய நாளும் அமலுக்கு வந்த நாளும் வேறு என்பதையும் மறக்காதீங்க. கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஒப்புதல் 2009 ஆகஸ்ட், அமல் 2010 ஏப்ரல் 1.

வழித்துணை:
சரி, கல்லூரிக்கு வாங்க. கட்டணம் திரும்பக் கேட்கும் மாணவருக்கு இந்தியா கோட் என்ன செய்யும்? அங்கே பேசுவது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிக்கைதான். 2018 அக்டோபர் அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விலகினால் 100 சதவீதம் (செயலாக்கக் கட்டணம் மட்டும் போக), அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் 90, கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அப்புறம் ஒன்றுமில்லை. 2024–25க்குத் தனிச் சுற்றறிக்கை வந்தது: செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். அந்த ஆண்டுக் காகிதத்தை அடுத்த ஆண்டு மாணவர் நீட்டினால் அலுவலகத்தில் மறுப்பார்கள், அது நியாயமும்கூட. இங்கே பிரிவு எண்ணைவிடக் கல்வியாண்டுதான் முக்கியம்.

கல்வெட்டு:
இதில் உங்கள் பக்கம் வருகிறேன். அப்படியானால் கையேட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆவண எண், தேதி, சரிபார்த்த நாள் மூன்றும் வேண்டும். தீர்ப்புகளுக்கு இன்னும் கவனம் தேவை. 2014 மே 6-இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு, இந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதி அமர்வு அதைச் சந்தேகித்துப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அனுப்பியதாலேயே பழைய தீர்ப்பு கவிழாது. செய்தித் தலைப்பை மட்டும் வாசித்தவர் கவிழ்ந்ததாகவே எடுத்துக்கொள்வார். சாட்பாட் கொடுத்த வழக்கு எண்ணையும் நீதிமன்றத் தளத்தில் தேடிப் பாருங்க. சில சமயம் எண் இருக்கும், உள்ளே வேறு யாரோ போட்ட நில வழக்கு இருக்கும்.

செம்பருத்தி:
சந்தேகமானதை ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டுக் கேட்டுவிடலாமா?

வழித்துணை:
கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். ஆனால் "எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்காதீங்க. கருத்துச் சொல்வது தகவல் அலுவலரின் கடமை இல்லை. ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. (மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றதும் அதே தீர்ப்புதான். கையேட்டில் கட்டாயம் சேருங்க.) "இன்று நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையின் நகல், அதை மாற்றிய அனைத்து ஆணைகளின் நகல்" என்று கேளுங்க.

செம்பருத்தி:
வரியை மாற்றிவிட்டேன்: "மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிரிவு 5(3)."

கல்வெட்டு:
"எட்டாம் வகுப்பு வரை" என்று சேருங்க. ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பிரிவு பேசாது. உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிக்கும் பிரமதி தீர்ப்பு இருக்கும்வரை பொருந்தாது, அதையும் அடியில் போடுங்க.

வழித்துணை:
இவ்வளவு அடிக்குறிப்பு ஏறினால் அந்த அம்மா படிக்க மாட்டார். வகுப்பை வரியிலேயே வையுங்க, சிறுபான்மைப் பள்ளி விஷயத்தைத் தனிக் கேள்வியாகப் போடுங்க.