மாத்திரையை நிறுத்திவிட்ட தம்பியை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போக வழி தேவை

தம்பிக்கு 26 வயது. ஸ்கிட்சோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று டாக்டர் சொல்லி 2 வருடம் ஆகிறது. அதற்கு ராத்திரி ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை 4 மி.கி. சாப்பிட்டு வந்தான். இரண்டே மாதத்தில் காதில் கேட்ட குரல்கள் அடங்கி, வேலைக்கும் திரும்பினான்.

4 மாதம் முன்னால் நிறுத்திவிட்டான். எடை கூடியது ஒரு காரணம். பெரிய காரணம், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பைத்தியக்கார மாத்திரை" என்று வீட்டிலேயே ஒருவர் அவன் காதுபடச் சொன்னது. அன்றைக்கே மாத்திரை அட்டையை மடித்துக் குப்பையில் போட்டான்.

இப்போது 3 வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. சாவித் துவாரத்தில் பஞ்சை அடைத்து வைத்திருக்கிறான், அது வழியாக யாரோ பார்க்கிறார்களாம். நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தட்டைத் தொடுகிறான். யாரையும் அடிக்கவில்லை, சாவைப் பற்றிப் பேசவில்லை. அப்படி ஏதாவது என்றால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

கெஞ்சிப் பார்த்தேன். வாதாடியும் பார்த்தேன், "அதெல்லாம் நிஜமில்லை" என்றதும் கதவைச் சாத்திக்கொண்டான். நான் மட்டும் போய் டாக்டரிடம் பேசினேன். தினசரி மாத்திரைக்குப் பதிலாக 2 வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, ஆனால் அவனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சாப்பாட்டில் கலந்து கொடு என்கிறார்கள் உறவினர்கள். அதை மட்டும் செய்யமாட்டேன். தெரிந்தால் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான்.

தனக்கு நோயே இல்லை என்று நம்புகிற ஒருவரை ஏமாற்றாமல் டாக்டரிடம் வரவைத்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: எப்படிப் பேச்சை ஆரம்பித்தீர்கள்?