எர்னி சேம்பர்ஸ் 46 வருடம் சட்டமன்றத்தில் இருந்தது சாதனையா, தொல்லையா?

தெருவிளக்கு:
அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த எர்னி சேம்பர்ஸை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். மொத்தமே 49 பேர் இருக்கிற அவை, மேலவை கீழவை என்ற பிரிவே கிடையாது, அதில் ஒரு ஆள் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொடுத்து மணிக்கணக்கில் பேசிப் பேசியே அடுத்தவர் மசோதாவைச் சாகடித்தால் அதற்குப் பெயர் மக்கள் சேவையா? கடுப்பாகித்தானே 2000-ல் மக்களே 'தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் யாரும் கூடாது' என்று ஓட்டுப் போட்டார்கள்.

கடலைமிட்டாய்:
கடுப்பானது எந்த மக்கள் ஐயா? அவர் தொகுதி வடக்கு ஒமாஹா, கறுப்பின மக்கள் நிறைய வாழும் பகுதி. முடிதிருத்தும் தொழிலில் இருந்தவரை அவர்கள் 1970-ல் தேர்ந்தெடுத்தார்கள், 2009-ல் அந்தச் சட்டம் அவரை வெளியே தள்ளியது, நாலு வருடம் கழித்துத் திரும்பவும் அவரையேதான் அனுப்பினார்கள். பணம் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது, அங்கே உறுப்பினர் சம்பளம் வருடத்துக்கே 12,000 டாலர். பேசியே சாகடித்தார், சரி. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்த கம்பெனிகளிலிருந்து மாநிலத்தின் முதலீட்டை 1980-களில் எடுக்க வைத்ததும், 1988-ல் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை நிறுத்த வைத்ததும் அதே வாய்தானே?

தெருவிளக்கு:
கடவுள் மேல் கேஸ் போட்டதும் அதே வாய்தான். 2007-ல். விளம்பரத்துக்கு இதைவிட மலிவான வழி உண்டா?

கடலைமிட்டாய்:
யாரும் யார் மேலும் வழக்குப் போடலாம், கோர்ட்டுக் கதவை மூடாதே என்று காட்டத்தான் போட்டார். கடவுளுக்கு முகவரி இல்லை, சம்மன் கொடுக்க முடியாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். எல்லாம் அறிந்தவருக்கு இந்த வழக்கு மட்டும் தெரியாதா என்று இவர் திருப்பிக் கேட்டார் பாருங்கள், எனக்கு அது பிடித்திருந்தது :)

நாலாம் நம்பர்:
அதை விடுங்கள், மரண தண்டனைக்கு வாருங்கள். வருடக்கணக்காக ஒழிப்பு மசோதா கொண்டுவந்து, 1979-ல் அவையில் ஜெயித்தும் ஆளுநரின் வீட்டோவில், அதாவது மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தில், போனது. 2015-ல் ஆளுநர் ரிக்கெட்ஸின் வீட்டோவை மீற 30 ஓட்டு வேண்டும், சரியாக 30 விழுந்தது. அத்தனை குடியரசுக் கட்சிக்காரர்கள் இருக்கிற அவையில் இது வெறும் வாய்ச்சவடாலில் நடக்கிற காரியமில்லை.

தெருவிளக்கு:
அப்புறம்? 2016-ல் பொதுவாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் தண்டனை வேண்டும் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். மாநிலம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

நாலாம் நம்பர்:
ரிக்கெட்ஸ் சொந்தப் பணத்தை இறக்கி அந்த வாக்கெடுப்புக்கு ஆதரவு தந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 2018-ல் 21 வருடத்துக்குப் பிறகு ஒருவருக்குத் தண்டனையை நிறைவேற்றியும் விட்டார்கள். அடுத்த ஜனவரியில் மனிதர் அதே ஒழிப்பு மசோதாவோடு வந்து நின்றார், வயது 81.

தெருவிளக்கு:
அது தோற்றது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.