கனோப்பியில் கசிந்த பெயின்ட்: ஆல்கஹாலா, பல்குச்சியா?

தூசிமேசை:
1/48 அளவு பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒன்று, மூன்று வாரமாக வேலை ஓடுகிறது. நேற்றிரவு கனோப்பியிலிருந்து (விமானி அறை மேல் வரும் தெளிவான மூடி) பெயின்ட் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப்பை உரித்தால், சட்டங்களின் ஓரமெல்லாம் பெயின்ட் உள்ளே கசிந்து, கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அது போதாதென்று உட்புறத்திலும் ஏர்பிரஷ் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. அடித்தது டாமியா அக்ரிலிக், கனோப்பியை இன்னும் உடலோடு ஒட்டவில்லை. எதைக் கொண்டு எடுப்பது? கிட்டில் உதிரி கனோப்பி கிடையாது, அதனால் கை நடுங்குகிறது.

ஸ்ப்ரூமன்னன்:
ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அந்தப் பெயின்ட் ஆல்கஹாலில் கரையும், அடியில் இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கரையாது. பஞ்சுக்குச்சியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஒரே திசையில் ஒரு இழுப்பு, குச்சியைத் திருப்பி அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் கரைந்த நிறம் சட்டத்தின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதை எடுப்பது தனி வேலை. மொத்தமே ஐந்து நிமிடம்.

நிதானம்:
ஐந்து நிமிடம்தான், மறுநாள் காலையில் பார்த்தால் கனோப்பிக்குள் சிலந்தி வலை! அப்படி ஒரு 1/72 கனோப்பியைக் குப்பையில் போட்டவன் நான். கரையாது என்பது சரி, ஆனால் கரையாமலே விரிசல் விடும். தெளிவான பாகங்கள் கிட்டின் மற்ற பாகங்களைவிட நொறுங்கும் தன்மை கொண்டவை, உள்ளே இறுக்கம் இருக்கிற இடத்தில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும், அதை எந்தப் பாலிஷாலும் எடுக்க முடியாது. பல்குச்சியின் நுனியை உளி மாதிரி சாய்வாகச் சீவிக்கொண்டு சுரண்டுங்கள். மரம் பிளாஸ்டிக்கைவிட மென்மையானது, பெயின்ட் மட்டும் பெயர்ந்து வரும், சட்டத்தின் ஓரமும் நேர்க்கோடாகக் கிடைக்கும். நுனி மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ள வேண்டியதுதான்.

வேகக்கை:
பிரேக் ஆயிலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் முடிந்தது, எதற்கு இவ்வளவு பேச்சு.

ஸ்ப்ரூமன்னன்:
@வேகக்கை வேண்டாம். கார் பாடியில் பழைய எனாமலை உரிக்க அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள், தெரியும். இருக்கிற ஒரே கண்ணாடியை அதில் போடச் சொல்வது மகா தைரியம். அப்படியே யாராவது லாக்கர் தின்னர், அசிட்டோன் என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் பாலிஸ்டைரீனையே கரைக்கும், ஒரு சொட்டு போதும்.

@நிதானம் ஒன்று கேட்கிறேன், நீங்கள் துடைத்தது ஒட்டிய பிறகா?

நிதானம்:
ஆமாம். உடலோடு சரியாகப் பொருந்தவில்லை, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி ஒட்டினேன்.

ஸ்ப்ரூமன்னன்:
அதுதானே! வளைத்து இழுத்துப் பிடித்த பாகம், அதன் மேல் ஆல்கஹால். விரிசல் விடாமல் என்ன செய்யும்? எனாமல் வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) தடவிப் பாகம் உடைந்தது என்று புலம்புகிறவர்கள் கதையும் இதுதான், குற்றவாளி திரவம் இல்லை, இறுக்கம். தூசிமேசையின் கனோப்பி சும்மா மேசை மேல் கிடக்கிறது.

நிதானம்:
சும்மா கிடந்தால் இறுக்கமே இல்லை என்று யார் சொன்னது? அச்சில் உருக்கி ஊற்றிக் குளிரும்போதே கொஞ்சம் இறுக்கம் உள்ளே தங்கிவிடும், அதுவும் ஸ்ப்ரூவோடு (கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சி) ஒட்டியிருந்த வாய்ப் பக்கத்தில் அதிகம். அந்த இடத்தில் கட்டர் போட்டு நறுக்கியிருந்தால் இன்னும் மோசம். ஸ்ப்ரூ துண்டில் சோதித்துப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள், அந்தத் துண்டு கனோப்பி மாதிரி மெல்லிய ஓடு கிடையாது, தடித்த குச்சி. அதில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது ஒன்றும் ஆகாத குச்சி, அவ்வளவுதான்.

ஸ்ப்ரூமன்னன்:
நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அதே தெளிவான ஸ்ப்ரூவை லேசாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, வளைவின் வெளிப்பக்கத்தில் ஆல்கஹாலைத் தொட்டுவைத்துச் சில நிமிடம் பாருங்கள். கனோப்பி படுகிற பாட்டைவிட அதிகப் பாடு அது. அதில் கோடு விழாவிட்டால் நான் துணிந்து துடைப்பேன். உட்புறத் தூசியைப் பல்குச்சியால் சுரண்டுவேன் என்கிறீர்களா? குழிந்த பக்கம், ஒவ்வொரு கோடும் வெளியே தெரியும்.

மெருகு:
இரண்டு பேரும் விட்டது ஒன்று. நைஸ் உப்புத்தாளில் 3000 நம்பரில் ஆரம்பித்து 6000, 8000, 12000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷிங் காம்பவுண்ட் போட்டால் பெயின்டும் போகும், கீறலும் போகும்.

நிதானம்:
சட்டத்தின் மேடும் சேர்ந்து போகும். அச்சுக் கோடு (அச்சின் பாதிகள் சேரும் இடத்துத் தழும்பு) நடுவில் ஓடுகிற கனோப்பிக்கு அது நல்ல வழி, இங்கே பிரச்சினையே சட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. மீதமிருக்கும் மெல்லிய கீறலுக்குக் காம்பவுண்ட் மட்டும் போதும்.

@தூசிமேசை பெயின்ட் அடிக்கும் முன் கனோப்பியை அக்ரிலிக் தரைப் பாலிஷில் முக்கினீர்களா? முக்கியிருந்தால் ஆல்கஹால் அந்தப் பூச்சையும் மங்கடிக்கும், பிளாஸ்டிக்கே கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானால் பூச்சு மொத்தத்தையும் கழற்றி மறுபடி முக்கலாம், நுண்ணிய கீறல்களையும் அந்தத் தரைப் பாலிஷ் நிரப்பிக் காட்டாமல் செய்துவிடும்.

தூசிமேசை:
முக்கவில்லை, சோம்பல். சரி, செய்ததைச் சொல்கிறேன். ஸ்ப்ரூவை வளைத்து ஆல்கஹால் வைத்தேன், பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்தேன், கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. வெளிப்பக்க ஓரங்களுக்குப் பல்குச்சிதான், ஒன்றரை மணி நேரம், ஏழு குச்சி. பின்சட்டத்தில் ஓர் இடத்தில் இருக்க வேண்டிய பெயின்டும் பெயர்ந்துவிட்டது, தூரிகையால் தொட்டுவிட வேண்டும்.

ஸ்ப்ரூமன்னன்:
வெளிப்பக்கத்தையும் துடைத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

நிதானம்:
துடைத்திருந்தால் சட்டத்துப் பெயின்டும் கரைந்து, மறுபடி முதலிலிருந்து மாஸ்கிங். அந்தக் கணக்கையும் போடுங்கள். @தூசிமேசை ஒட்டும்போது சூப்பர் குளூ பக்கம் போகாதீர்கள், அதன் ஆவியே உள்ளே வெள்ளையாகப் படியும். இவ்வளவு பாடுபட்டது வீணாகிவிடும்.

தூசிமேசை:
கையில் எடுத்ததே அதுதான். கீழே வைத்துவிட்டேன்.