கிடங்கில் தொலைந்த ஸ்கேனர்: வைஃபை போதுமா, பீக்கன் வேண்டுமா?

மூன்றாம்_ரேக்:
கை ஸ்கேனர் காணாமல் போவதற்காகத் தனியாக பி.எல்.இ. பீக்கனும் (குறைந்த மின்சாரத்தில் புளூடூத் சிக்னல் ஒலிபரப்பும் சிறு கருவி) அதைக் கேட்கும் ரிசீவரும் வாங்குவது வீண் செலவு என்பதே என் கட்சி. வைஃபை கன்ட்ரோலரில் ஸ்கேனரின் மேக் முகவரியை (வலையமைப்பில் அதன் அடையாள எண்) போட்டால் கடைசியாக எந்த ஏ.பி.யில் (வைஃபை தரும் பெட்டி), எத்தனை மணிக்கு, எவ்வளவு சிக்னலில் இருந்தது என்று வந்துவிடும். அந்தப் பகுதியில் போய் நின்று எம்.டி.எம். (கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக ஒலிக்க விட்டால் போதும்.

இது வேலை செய்யவில்லை என்பவர்கள் முதலில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி மேக் முகவரியை உருவாக்குவதே இயல்பு நிலை. உங்கள் பதிவேட்டில் இருப்பதோ தொழிற்சாலை மேக். இரண்டும் எப்படிப் பொருந்தும்? வைஃபை புரொஃபைலில் 'கருவியின் மேக்' என்று எம்.டி.எம். மூலம் மாற்றிவிடுங்கள். அடுத்து, ஒலிக்கச் சொல்லும் கட்டளை பெரும்பாலும் கூகுளின் புஷ் சேவை வழியாகத்தான் போகிறது. ஃபயர்வாலில் டி.சி.பி. போர்ட் 5228 முதல் 5230 வரை மூடியிருந்தால், உறங்கும் கருவிக்கு அது நேரத்துக்குப் போய்ச் சேராது.

அலைக்கம்பம்:
மேக் விஷயம் சரி. ஆனால் 'அந்தப் பகுதி' என்று சொன்னீர்களே, அது எவ்வளவு பெரியது? ஏ.பி. 10 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். நேர் கீழே இருக்கும் கருவிக்குத் தூரம் 10 மீட்டர். பக்கவாட்டில் 5 மீட்டர் தள்ளி இருந்தால் 11.2 மீட்டர். திறந்த வெளிக் கணக்கிலேயே வித்தியாசம் 1 டெசிபல்தான். ஒரு ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே போனாலே சிக்னல் அதைவிட அதிகமாக ஆடும். எந்த ரேக் வரிசை என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

இன்னொன்று, பல கருவிகள் பழைய ஏ.பி.யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலேயே வேறொரு ஏ.பி. இருந்தாலும் சிக்னல் ஓரளவு இருக்கும்வரை மாறாது. கன்ட்ரோலர் 4ஆம் வரிசை என்று காட்டும், கருவி 9இல் கிடக்கும்.

மூன்றாம்_ரேக்:
நான் வரிசை சொல்கிறேன் என்று சொல்லவில்லையே சார். பகுதி தெரிந்தால் மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். துல்லியம்தான் வேண்டும் என்றால் வைஃபை நேர அளவீடு, அதாவது அலை போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் 802.11எம்.சி. இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் ஆதரவு உண்டு. இடம் தெரிந்த ஏ.பி. மூன்றோ அதற்கு மேலோ கிடைத்தால் 1-2 மீட்டர் வரை போகலாம்.

அலைக்கம்பம்:
போகலாம், கருவி விழித்திருந்தால். அந்த அளவீட்டைத் தொடங்குவதே கருவியில் ஓடும் செயலி. ஏ.பி.யும் கருவியின் சிப்பும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த ஸ்கேனர் எதையும் அளக்காது, ஒலிக்கவும் செய்யாது. ஸ்கேனர் தொலைந்ததே மறுநாள் காலை எண்ணும்போதுதான் தெரியவரும். அதற்குள் சார்ஜ் இறங்கியிருக்கும். பீக்கன் அதற்காகத்தான். சில தொழில்துறை ஸ்கேனர்களில் முதன்மைச் சார்ஜ் போன பிறகும் ஒலிபரப்பும் பீக்கன் உள்ளேயே வருகிறது. இல்லாதவற்றுக்கு வெளியே ஒட்டலாம். பேட்டரிப் பக்கமோ உலோகத்தின் மேலோ ஒட்டாதீர்கள்.

வைஃபை நெரிசல் இதைக் கெடுக்கும் என்ற பயம் தேவையில்லை. பி.எல்.இ. விளம்பர அலைவரிசைகள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. வைஃபை 1, 6, 11ஆம் சேனல்களின் நெரிசலிலிருந்து ஒதுங்கவே அப்படி வைத்தார்கள்.

தேடும் முறையும் முக்கியம். போனில் பி.எல்.இ. ஸ்கேன் செயலியைத் திறந்துகொண்டு நடந்தபடியே சிக்னல் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரிசை முனையிலும் 10 நொடி நின்று, வந்த எண்களில் நடு எண்ணை எடுங்கள். சிக்னல் அதிகம் வரும் இடத்தில் போனை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாகத் தடுக்கும். சிக்னல் மிகக் குறையும்போது கருவி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. இரண்டு இடங்களில் இதைச் செய்து திசைகள் வெட்டும் இடத்துக்குப் போங்கள். உலோக ரேக்கில் அலை எதிரொலித்து ஏமாற்றும் என்பதால் ஒரே சுற்றை நம்ப வேண்டாம்.

ஷிஃப்ட்_பொறுப்பு:
இருவரும் தொலைந்த பிறகு தேடுவதையே பேசுகிறீர்கள். சார்ஜ் போகும்முன் பிடிப்பது இரண்டையும்விட மலிவு. ஷிஃப்ட் முடிந்து 15 நிமிடத்தில் கிரேடிலில் (சார்ஜ் செய்யும் தாங்கி) ஏறாத கருவிகள், 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியும் சார்ஜில் இல்லாத கருவிகள்: இந்த இரண்டு பட்டியலும் எம்.டி.எம்.மிலிருந்து பொறுப்பாளருக்குத் தானாக வரட்டும். கடைசியாக லாகின் செய்தவர் பெயரும் கூடவே வர வேண்டும். அவர் வளாகத்தை விட்டுப் போகும்முன் கேட்டால் பாதி வேலை அங்கேயே முடியும்.

கடைசி சிக்னலைப் படிக்கும் விதமும் உண்டு. டாக் கதவருகே (லாரியில் சரக்கு ஏற்றும் வாசல்) இருந்து சட்டென்று நின்றால் ரேக்கைத் தேடாதீர்கள். அந்த நேரத்தில் எந்த லாரி ஏற்றியது என்று கேட் பதிவேட்டைப் பாருங்கள். குளிரறைக் கதவருகே நின்றால் உள்ளே தேடுங்கள். அந்தச் சுவர்கள் இரு பக்கமும் உலோகத் தகடும் நடுவே நுரையும் வைத்த பஃப் பேனல். கதவு சாத்தினால் உள்ளிருக்கும் பீக்கனும் வெளியே கேட்காது. பீக்கனே வாங்கினாலும் குளிரறைக்குள் ஒரு ரிசீவர் தனியாக வைத்தாக வேண்டும். கன்ட்ரோலர், எம்.டி.எம்., கேட் கணினி மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் பிசகினால் தவறான லாரியை நிறுத்துவீர்கள்.

மூன்றாம்_ரேக்:
இதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டும் பீக்கன் என்றால் 200 ஸ்கேனருக்கு 200 பட்டன் செல். அதை யார் மாற்றுவது?

அலைக்கம்பம்:
சி.ஆர்.2032 செல் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும் பீக்கன் சராசரியாக 20 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் 11,000 மணி நேரம், ஒன்றேகால் ஆண்டு. செல் சீக்கிரம் போவதாகப் புகார் வந்தால் இடைவெளியைப் பாருங்கள். 100 மில்லிநொடி என்று விட்டிருந்தால் ஆயுள் ஒன்றரை மாதமாகச் சுருங்கும். எடிஸ்டோன் வகை பீக்கன் அனுப்பும் டி.எல்.எம். என்ற நிலைத் தகவலில் செல்லின் வோல்ட் அளவும் வரும். 2.6 வோல்ட்டுக்குக் கீழே போனவற்றை மாதம் ஒருமுறை பட்டியல் எடுத்து மாற்றலாம்.

மூன்றாம்_ரேக்:
சரி, குளிரறைக்கும் டாக்குக்கும் போகும் கருவிகளுக்கு மட்டும் பீக்கன். உலர் சரக்குப் பக்கம் ஷிஃப்ட்_பொறுப்பு சொன்ன பட்டியலே போதும் என்பதில் மாற்றமில்லை.

அலைக்கம்பம்:
உலர் பக்கத்திலும் சீல் வைத்த அட்டைப்பெட்டிக்குள் போகும் ஸ்கேனர் உண்டே சார். அது கிரேடில் ஏறவில்லை என்று பட்டியல் சொல்லும். எந்தப் பெட்டி என்று சொல்லாது.